அக்கினி மூலையில் ஒரு கம்ப்யூட்டர்

கண்ணாயிரம் பதினெட்டு வருடங்களாகத் திருவண்ணாமலையில் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். இந்தப் பதினெட்டு வருடங்களில் அவர் ஒரு வீட்டையும் மதித்ததில்லை.

"கம்ப்யூட்டர் தானா கெடாது. கெடுப்பாங்க" என்பார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது ஒரே வாசகம்தான்: "நாங்க ஒண்ணுமே பண்ணல சார், தானா ஸ்லோ ஆயிடுச்சு." அதைக் கேட்டதும் கண்ணாயிரத்தின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். சிரிப்பு மாதிரி இருக்கும், ஆனால் சிரிப்பு இல்லை.

அவர் பார்த்த கூத்துகள் கொஞ்சமா? வக்கீல் ஒருவர் திரை முழுக்கக் கோப்புகளை நிரப்பிவிட்டு, இடம் போதவில்லை என்று பெரிய திரை வாங்கப் போனார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பென்ஷன் காகிதங்களை எல்லாம் குப்பைத்தொட்டிப் படத்துக்குள் போட்டு வைத்திருந்தார். கேட்டதற்கு, "அதுல போட்டா யாரும் திறந்து பாக்க மாட்டாங்க, பத்திரமா இருக்கும்" என்றார். ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி, லேப்டாப்பைச் சுற்றி மலையிலிருந்து பொறுக்கிய கூழாங்கற்களை அடுக்கி, கெட்ட சக்தி இறங்கட்டும் என்று மூன்று நாள் காத்திருந்தார். உள்ளே நூற்று நாற்பது இணையப் பக்கங்கள் திறந்து கிடந்தன. கண்ணாயிரம் அவற்றை மூடினார். கெட்ட சக்தி இறங்கிவிட்டது.

கண்ணாயிரத்துக்குச் சொந்த ஊர் வாணாபுரம் பக்கம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிற குடும்பம். பாலிடெக்னிக்கில் இரண்டு பாடம் தேறாமல் நின்றுபோனார். பாடம் நடத்தியவருக்கே பாடம் தெரியாது என்பது இன்று வரை அவருடைய கட்சி. அப்புறம் செங்கம் சாலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஆறு வருடம் இருந்தார். அங்கே கெட்டுப்போன மெஷின்களைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழில் கற்றார். எல்லார் கையிலும் போன் வந்ததும் சென்டரை மூடிவிட்டார்கள். சின்னக்கடைத் தெருவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் பத்துக்கு எட்டு அறை பிடித்துக்கொண்டார். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் தெருவில் நடக்க முடியாது என்பதால் கடை திறக்க மாட்டார். மாடியிலிருந்து கூட்டத்தைப் பார்த்து, "பதினாலு கிலோமீட்டர் நடக்கப் பொறுமை இருக்குது. ஷட் டவுன் பண்ண பத்து செகண்ட் பொறுமை இல்ல" என்பார்.

அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். போனில் ஏதாவது கோளாறு என்றால் கணவரிடம் காட்டுவதே இல்லை. தேரடித் தெருவில் வேறொரு கடைக்குக் கொண்டுபோவார். "அங்க காசு மட்டும் தான் வாங்குவாங்க. உங்ககிட்ட குடுத்தா மானத்தையும் சேத்து வாங்குவீங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். கண்ணாயிரம் அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு திட்டு வாங்கியும் ஜனங்கள் அவரைத்தான் கூப்பிட்டார்கள். காரணம், அவர் பொய் சொல்ல மாட்டார். தேவையில்லாத சாமானை மாற்றச் சொல்ல மாட்டார். மற்ற கடைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் "ராம் போடணும் சார்" என்பார்கள். கண்ணாயிரம், "ராம் நல்லா இருக்குது. உங்களுக்குத் தான் மூளை கம்மி" என்பார். சொல்வது உண்மையாக இருந்ததால் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, வேங்கிக்காலிலிருந்து ஆர்த்தி என்ற பெண் கூப்பிட்டாள்.

"அண்ணா, எங்க வீட்டு சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குதுங்க. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணணும்."

"நீங்க ஒண்ணுமே பண்ணல, தானா ஆயிடுச்சு. அதானே?"

அவள், "எப்ப வருவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மொபெட்டில் போய் இறங்கினார். கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால், புதிதாக வீடுகள் முளைக்கிற மனைகளில் ஒரு வீடு. வீட்டுக்காரர் ராஜமாணிக்கம், கூட்டுறவுக் கடையில் முப்பது வருடம் எடை போட்டு ஓய்வு பெற்றவர். தண்டராம்பட்டு பக்கம் இருந்த நிலத்தை விற்று இந்த வீட்டைக் கட்டியிருந்தார். கதவைத் திறந்ததும் கண்ணாயிரத்தை நேராக சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் தருவார்கள் போலிருக்கிறது என்று கண்ணாயிரம் நினைத்தார்.

கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது.

சமையல் மேடையின் கோடியில் கேஸ் அடுப்பு. அதை ஒட்டி ஒரு சின்ன மேசை, மேசைமேல் திரையும் கீபோர்டும். சிபியு எங்கே என்று தேடினால், அடுப்புக்கு நேர் கீழே, மேடைக்கல்லுக்கு அடியில், பிளைவுட்டில் செய்த பெட்டிக்குள் கதவு சாத்தி இருந்தது. பெட்டிக்கு முன்னால் அரிசி டிரம். மேசைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"இன்னா சார் இது?" என்றார் கண்ணாயிரம்.

"அக்கினி மூலை தம்பி" என்றார் ராஜமாணிக்கம். "தென்கிழக்கு. நெருப்பு, கரண்டு எல்லாம் இங்க தான் இருக்கணும். வாஸ்து பாக்கற ராமதாஸ் வந்து பாத்துட்டு சொன்னாரு. முன்னாடி ஹால்ல ஈசானிய மூலையில வெச்சிருந்தோம். போர் மோட்டார் எரிஞ்சி போச்சி. நானு படியில வழுக்கி மணிக்கட்ட ஒடச்சிக்கிட்டேன். இங்க மாத்தி ஒன்றரை மாசம் ஆவுது, ஒரு தொல்லை இல்ல."

"அப்ப ஃபிரிட்ஜு, டிவி, பாத்ரூம் ஹீட்டர் எல்லாத்தையும் இங்கயே கொண்டாந்துடலாமே."

ராஜமாணிக்கம் அதை யோசனையாகவே எடுத்துக்கொண்டார். "இடம் பத்தல தம்பி" என்றார்.

கண்ணாயிரத்தின் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இன்று இரவு மனைவியிடம் சொல்லிச் சிரிக்க ஒன்று கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆர்த்தி சுவரோரம் நின்று விஷயத்தைச் சொன்னாள். வயது இருபத்து நான்கு, பி.காம். முடித்தவள். சென்னையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். பழைய கையெழுத்துப் படிவங்களின் படம் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். பார்த்துத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். காலை எட்டிலிருந்து பத்து வரைதான் முக்கியமான நேரம். ஒரு மாதமாக அந்த இரண்டு மணி நேரத்தில், வருகிற படிவங்களில் பாதிகூட முடிவதில்லை. ஒரு படிவம் திறக்கவே முக்கால் நிமிடம் எடுக்கிறது. திங்கட்கிழமை எட்டிலிருந்து பத்துக்குள் நூறு படிவம் முடித்துக் காட்டாவிட்டால் அவளை நீக்கிவிடுவோம் என்று கம்பெனி எழுதியிருக்கிறது.

"போனா போவுது" என்றார் ராஜமாணிக்கம். "வெளியூர் போயி ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்கற பழக்கம் நம்ம வீட்ல கிடையாது. வீட்டோட இருக்குதேன்னு தான் இத விட்டேன். இதுவும் இல்லன்னா பேசாம இருந்துட்டுப் போவட்டும்."

ஆர்த்தி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஒரு கதவும் சாத்தப்பட்டால் அவளுக்கு வேறு கதவு கிடையாது என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கண்ணாயிரம் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் திரையில் இருந்தது.

அப்போது வெள்ளையம்மாள், ஆர்த்தியின் அம்மா, பாத்திரம் தேய்த்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லட்டுமா? நான் தோசை ஊத்தறப்ப தான்பா இது இழுக்குது. அடுப்ப அணைச்சிட்டா கொஞ்ச நேரத்துல சரியாவுது. இப்ப பாரு, மத்தியானம் நல்லா தான் ஓடும்."

கண்ணாயிரம் பதினெட்டு வருடங்களில் கேட்டவற்றிலேயே இதுதான் உச்சம். வாய்விட்டுச் சிரித்தார்.

"வாசனைக்கு அதுக்கும் பசிக்குதும்மா. அதுக்கும் ரெண்டு ஊத்திக் குடுங்க."

ராஜமாணிக்கமும் சேர்ந்து சிரித்தார். வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை. "நான் கண்ணால பாக்கறத சொல்றேன்" என்றார்.

"அண்ணா, அம்மா சொல்றது..." என்று ஆர்த்தி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வெளிச்சம் மறைக்குதும்மா, கொஞ்சம் வழி விடு" என்றார் கண்ணாயிரம்.

மூடத்தனத்தைப் பார்த்தால் சிரிப்பதுதான் அவர் வழக்கம். அதைக் கிண்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே கிடையாது. அதுவும் இல்லாமல், பத்து நிமிடத்தில் குற்றவாளிகள் கிடைத்துவிட்டார்கள். உள்ளே மூன்று ஆன்டிவைரஸ், ஒன்றை ஒன்று திருடன் என்று பிடித்துக்கொண்டிருந்தன. யாரோ சொந்தக்காரப் பையன் வந்தபோது போட்டுவிட்டுப் போனானாம். கம்ப்யூட்டரைத் திறந்த உடனே தானாக ஓட ஆரம்பிக்கும் புரோகிராம் பதினான்கு. ஹார்ட் டிஸ்க்கில் இடமே இல்லை. ராஜமாணிக்கத்தின் தங்கச்சி மகன் கல்யாண வீடியோ நான்கு முறை ஏற்றப்பட்டிருந்தது.

"ஒரே கல்யாணத்த நாலு தடவ பண்ணி இருக்கீங்க" என்றார் கண்ணாயிரம். ஒவ்வொன்றாகத் துடைத்தெறிந்தார். சிபியுவைத் திறந்து பார்க்க அரிசி டிரம்மை நகர்த்த வேண்டும். அதற்கு அவசியம் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. நான்கரை மணிக்கு ஆர்த்தியை உட்காரவைத்து ஒரு படிவத்தைத் திறக்கச் சொன்னார். மூன்று நொடியில் திறந்தது.

"பாத்துக்கோங்க. இனிமே யாராச்சும் பென் டிரைவோட வந்தா வாசல்லயே நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, டீக்கடை வாசலில் நிற்கும்போது போன் அடித்தது.

"அண்ணா, ஆர்த்தி பேசறேன். மறுபடியும் இழுக்குதுங்க. நாப்பது செகண்ட் ஆவுது."

"என்னத்தத் தொட்டீங்க?"

"ஒண்ணுமே பண்ணலங்க."

"இத சொல்லாத ஆளு இந்த ஊர்லயே கிடையாதும்மா. எதையாச்சும் போட்டிருப்பீங்க, இல்ல உங்க அப்பா எதையாச்சும் அமுக்கி இருப்பாரு."

"எங்க அப்பாவுக்கு மவுஸ எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாது." அவள் குரல் தடித்தது. "நேத்து ஒரு நோட்ட காட்ட வந்தேன். நீங்க தான் வழி விடுன்னீங்க. இப்ப போட்டோ எடுத்து அனுப்பறேன். படிங்க. படிச்சிட்டு திட்டுங்க."

படம் வந்தது. பள்ளிக்கூட நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பக்கம். பத்தொன்பது நாள் கணக்கு. தேதி, மணி, ஒரு படிவம் திறக்க எத்தனை நொடி. அதற்குப் பக்கத்தில், வேறு கையெழுத்தில், அடுப்பில் என்ன என்று ஒரு கட்டம். அது வெள்ளையம்மாளின் கையெழுத்து. எழுத்துகள் பெரிதாக, ஒன்றை ஒன்று தொடாமல் இருந்தன.

கண்ணாயிரம் டீயை உறிஞ்சிக்கொண்டே அலட்சியமாகப் பார்த்தார். ஏழு ஐம்பது, தோசை, நாற்பத்து மூன்று நொடி. எட்டரை, தோசை, நாற்பத்தெட்டு. ஒன்பதே கால், அடுப்பு அணைச்சாச்சு, இருபது. மதியம் இரண்டு, அடுப்பு இல்லை, ஐந்து. வேறொரு நாள், பொங்கல், குக்கரில் ஒரே தடவை, பதினெட்டு. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணி, வேலை மும்முரமான அதே நேரம். அதற்கு நேராக, "நானு கோயிலுக்குப் பூட்டேன், அடுப்பு பத்த வெக்கல" என்று எழுதியிருந்தது. ஆறு நொடி.

டீ ஆறியது. கண்ணாயிரம் அந்த வெள்ளிக்கிழமையை மறுபடியும் படித்தார்.

புரிய அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. தொழில் தெரிந்த யாருக்கும் புரியும். பிராசஸர் அளவுக்கு மேல் சூடானால், கருகிப் போகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடுப்புக்குக் கீழே, மூடிய பெட்டியில், மேடைக்கல் பழுக்கப் பழுக்க உட்கார்ந்திருக்கிற மெஷின் வேறென்ன செய்யும்? அவர் போனது மத்தியானம் மூன்று மணிக்கு. கல் ஆறிக் கிடந்த நேரம். அடுப்பையும் பார்த்தார், பெட்டியையும் பார்த்தார், பார்த்துச் சிரித்தார். சிரித்ததோடு சரி. அந்த அம்மாள் சொன்னதை அந்த நிமிடமே காதில் வாங்கியிருந்தால் இரண்டு நிமிட வேலை.

அடுத்தவரை ஏளனமாகப் பார்த்தே பழகிய மனம் தன்னை அப்படிப் பார்க்க வேண்டி வந்தால் என்ன செய்யும் என்று கண்ணாயிரத்துக்குத் தெரியாது. டீக்கடைக்காரரிடம் டீ சரியில்லை என்று சண்டை பிடித்துவிட்டு மொபெட்டை எடுத்தார்.

வேங்கிக்கால் வீட்டில் யாரும் அவரை வரவேற்கவில்லை. வெள்ளையம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றார் கண்ணாயிரம். "அடுப்பைப் பத்த வைங்க."

வெள்ளையம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தார். "சும்மா எரிஞ்சா போதுமா, இல்ல தோசையே ஊத்தணுமா?"

"ஊத்துங்க."

"எத்தினி?"

"நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

"நல்லா கேட்டுக்கடி ஆர்த்தி. நேத்து சிரிச்ச வாயி தான் இது."

கண்ணாயிரம் சூட்டைக் காட்டும் ஒரு சின்ன புரோகிராமைத் திரையில் ஓட விட்டார். எண் ஐம்பத்தெட்டில் நின்றது. தோசைக்கல்லில் மாவு விழுந்தது. மூன்றாவது தோசையில் எழுபத்தொன்று. ஆறாவது தோசையில் எண்பத்தாறு. ஒன்பதாவதைத் திருப்பும்போது தொண்ணூற்றேழு. ஆர்த்தி ஒரு படிவத்தைத் திறந்தாள். மூவரும் காத்திருந்தார்கள். நாற்பத்தைந்து நொடி.

சத்தம் கேட்டு வந்த ராஜமாணிக்கம், அடுக்கி வைத்திருந்த தோசைகளைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் விருந்தாளி வராங்களா?" என்றார்.

அரிசி டிரம் நகர்ந்தது. பெட்டிக்குள்ளிருந்து சிபியு வெளியே வந்தது. மூடியைக் கழற்றியதும் கண்ணாயிரம் ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டார். உள்ளே தாளிப்புப் புகையும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தன. சூட்டை இழுக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் ஊசி நுழைய இடமில்லை. ஒரு கடுகு ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபேன் எண்ணெய்ப் பிசுக்கில் பாதி வேகத்தில்தான் சுற்றியது. மற்ற வீடாக இருந்தால் அந்தக் கடுகை எடுத்துக் காட்டி ஒரு வாரத்துக்கு ஆகும் அளவுக்குப் பேசியிருப்பார். இன்று பேசாமல் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தார். பிராசஸர்மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பழைய பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிது தடவினார். எல்லாம் முடித்து மறுபடியும் தோசை ஊற்றச் சொல்லிப் பார்த்தார். இந்த முறை தொண்ணூறில் நின்றது. படிவம் திறக்க இருபத்தைந்து நொடி. போதாது.

"ஃபேன் மாத்தணும். ஞாயித்துக்கெழம எங்கயும் கிடைக்காது. நாளைக்குப் பத்து மணிக்கு மேல தான் கடை தொறப்பான். ஆனா ஃபேன் மாத்தினாலும் இங்க வெச்சா ரெண்டு மாசத்துல இதே கதி தான். இப்பவே ஹாலுக்குத் தூக்கிடலாம் சார். அரை மணி வேலை."

"ஹாலுக்கா?" ராஜமாணிக்கம் தலையை ஆட்டினார். "அது ஆவாது."

"சார், எண்ண கண்ணால பாத்தீங்க இல்ல?"

"எண்ணு இருக்கட்டும். ராமதாஸ் சொன்னா சொன்னது தான். மறுபடியும் வழுக்கி விழறதுக்கா?"

"நீங்க வழுக்கி விழுந்தா கம்ப்யூட்டர் என்ன சார் பண்ணும்? படியில பாசி இருந்திருக்கும்."

"நீ பேசாத. சரியாப் போச்சுன்னு நேத்து அடிச்சி சொல்லிட்டுப் போன ஆளு தானே நீ? ராமதாஸ் அப்படி ஒரு தடவ கூட சொல்லி மாறினது கிடையாது. வைரஸ எடுக்கறது உன் வேலை. என் வீட்ல எது எங்க இருக்கணும்னு நான் சொல்லுவேன்."

கண்ணாயிரத்துக்கு முகம் சிவந்தது. இந்த மாதிரி நேரத்தில் அவர் செய்வது ஒன்றுதான். பையை மாட்டிக்கொண்டு, "உங்களுக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அப்படி அவர் இறங்கி வந்த வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ இருக்கின்றன. கை பையை நோக்கிப் போகவும் செய்தது.

"அண்ணா," என்றாள் ஆர்த்தி. அவள் கெஞ்சவில்லை. "எனக்கு நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஓடினா போதும். எட்டுலருந்து பத்து. அதுக்கு வழி இருக்குதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

கை நின்றது. "அடுப்பு எரியாம இருந்தா ஓடும்" என்றார் கண்ணாயிரம்.

"எட்டு மணிக்கு எனக்கு டிபன் வேணுமே" என்றார் ராஜமாணிக்கம் உடனே. அவர் ஒரு நாளும் ஓட்டலில் கை நனைத்ததில்லை. முப்பது வருடமாக அதை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவந்தார். ஆறியதையும் தொட மாட்டார். சுடச்சுடத் தட்டில் விழ வேண்டும்.

வெள்ளையம்மாள் தோசைக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"வெடிகாலையில எழுந்து செஞ்சி வெச்சா ஆறிடுச்சும்பீங்க. எட்டு மணிக்கு ஊத்தினா பொண்ணு வேலை போவும். கம்ப்யூட்டர நவுத்தினா வீடு போவும்." அவர் குரல் உயரவே இல்லை. "சரி, உங்க பேச்சே இருக்கட்டும். கம்ப்யூட்டரு இங்கயே இருக்கட்டும். அக்கினி மூலையில ஒரு நெருப்பு தான் எரியும். பொண்ணு வேலை பாக்கறப்ப அடுப்பு எரியாது."

"அப்ப எனக்கு?"

"ராமதாஸ கேளுங்க."

கண்ணாயிரம் சட்டென்று குனிந்து ஒயர்களைச் சுற்ற ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்கியது. இந்த முறை உண்மையான சிரிப்பு.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கு, யாரும் கூப்பிடாமலேயே அவர் அந்த வீட்டு வாசலில் நின்றார். சூட்டைப் பார்க்க வந்தேன் என்றார். பெட்டியின் கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார். அரிசி டிரம்மைப் பின்வாசல் வரை தள்ளினார். அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்தார்.

எட்டு மணிக்கு முதல் படிவம் வந்தது. நான்கு நொடியில் திறந்தது. ஆர்த்தியின் விரல்கள் ஓட ஆரம்பித்தன. கண்ணாயிரம் எத்தனையோ பேர் தட்டுவதைப் பார்த்திருக்கிறார், ஒரு விரலால் கோழி கொத்துவது மாதிரி. இப்படி ஒரு வேகத்தை அவர் பார்த்ததில்லை. அவள் கீபோர்டைப் பார்க்கவே இல்லை. சனிக்கிழமை முழுக்க அவர் மெஷினைத்தான் பார்த்தார். அதில் உட்காருகிறவள் தொழில்காரி என்பதைப் பார்க்கவில்லை.

எட்டரைக்கு ராஜமாணிக்கம் சமையலறை வாசலில் வந்து நின்று அடுப்பைப் பார்த்தார். அடுப்பு துடைத்து வைத்தபடி பளபளத்தது. வெள்ளையம்மாள் மேடைமேல் கையூன்றி நின்றிருந்தார். யாராவது பற்றவைக்க வந்தால் முதலில் அவரைத்தான் தாண்ட வேண்டும்.

"ஒரு டீயாச்சும்..." என்றார் ராஜமாணிக்கம்.

"பத்து மணி" என்றார் வெள்ளையம்மாள்.

ராஜமாணிக்கம் ஹாலுக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். ஒன்பதே காலுக்கு அவர் போனில் யாரிடமோ மெல்லப் பேசும் சத்தம் கேட்டது. "இல்ல ராமதாஸு, கம்ப்யூட்டர டெம்பரவரியா ஹாலுக்கு மாத்தலாமான்னு தான் கேக்கறேன்... ஒரு செப்புக் காசு கீழ வெச்சிட்டா?... அப்ப தோஷம் இல்லையா? செத்த நேரம் முன்னாடி சொல்லக் கூடாதாய்யா!"

கண்ணாயிரம் வெள்ளையம்மாளைப் பார்த்தார். வெள்ளையம்மாள் சுவரைப் பார்த்தார். ஒன்றரை மாதம் பூதம் மாதிரி வீட்டைப் பிடித்திருந்த வாஸ்து ஒரு காசுக்குக் கட்டுப்பட்டுவிட்டது. அதைக் கட்டியது ஒரு வேளைப் பசி. பேச எவ்வளவோ இருந்தது. ஆனால் திரையின் மூலையில் படிவங்களின் எண்ணிக்கை எழுபத்து மூன்றில் இருந்தது. ஒரு சத்தம் போட்டால் அந்தப் பெண்ணின் விரல் தடுக்குமே என்று கண்ணாயிரம் மூச்சைக்கூட மெல்ல விட்டார்.

ஒன்பது நாற்பத்திரண்டுக்கு நூறு. ஆர்த்தி நிறுத்தவில்லை. பத்து மணி அடிக்கும்போது நூற்றுப் பதினெட்டு.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு கம்பெனியிலிருந்து ஒரு வரி வந்தது. பாராட்டு எதுவும் இல்லை. இன்று முதல் பகல் பன்னிரண்டு வரை வேலை செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தது. கீழே இன்னொரு நூறு படிவங்கள் வந்து விழுந்திருந்தன.

"முடியும்" என்று தட்டிவிட்டு ஆர்த்தி அடுத்த படிவத்தைத் திறந்தாள். அவள் கண்ணோரம் ஈரமாக இருந்தது. துடைக்க அவளுக்கு நேரமில்லை.

"முடிஞ்சிதா?" என்று கேட்டுக்கொண்டே ராஜமாணிக்கம் வந்தார். உள்ளங்கையில் ஒரு செப்புக் காசு இருந்தது. "பத்து ஆயிடுச்சே. அடுப்பப் பத்த வைக்கலையா?"

"வேலை பன்னண்டு வரைக்குமாம்" என்றார் வெள்ளையம்மாள்.

"தினமுமா?"

"தினமும் தான்."

ராஜமாணிக்கம் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு மேசையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணாயிரம், அந்தப் பக்கம் ஒரு கை பிடிப்பா. ஹாலுக்குத் தூக்கிடலாம்" என்றார்.

கண்ணாயிரம் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. "என்னைக் கேக்காதீங்க சார். வேலை பாக்கறவங்கள கேளுங்க."

ஆர்த்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பன்னண்டு மணிக்கு மேல தூக்குங்க பா."

ராஜமாணிக்கம் மேசையிலிருந்து கையை எடுத்தார்.